ஓல்ட் டிராஃபோர்ட் அருங்காட்சியகமும் டூரும்: நெடுங்காலம் ஆடியவர்களைத் தேடிப் போகிறவர்களுக்கு

மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்து கிளப்பின் மைதானமான ஓல்ட் டிராஃபோர்டில் உள்ள அருங்காட்சியகம் 1986இல் தொடங்கியது. வடக்கு ஸ்டாண்டில் இப்போது இருக்கும் இடத்தை 1998இல் பெலே திறந்துவைத்தார். கோப்பைகளைப் பார்க்கப் போகிறவர் மனநிறைவோடு திரும்புவார். ஒரே கிளப்புக்குப் பதினைந்து, இருபது வருடம் ஆடியவர்களுக்காகப் போகிறவர் மட்டும் சில பெயர்களையும் எண்களையும் முன்கூட்டியே தெரிந்துகொண்டு போக வேண்டும். கோப்பைகளைச் சுற்றிச் சொல்லப்படும் வரலாற்றில், பெரிய கோப்பை ஒன்றையும் தொடாமல் உழைத்தவர் எளிதில் கண்ணில் படமாட்டார்.

ஜோ ஸ்பென்ஸ் அப்படிப்பட்டவர். 1919 முதல் 1933 வரை 510 ஆட்டங்கள், 168 கோல்கள். அந்த வருடங்களில் அணி 1922இலும் 1931இலும் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது. 1930-31 சீசனில் முதல் 12 லீக் ஆட்டங்களிலும் தோல்விதான். அந்த நாட்களில் ரசிகர்கள் ‘ஜோவிடம் கொடு’ என்றுதான் குரல் எழுப்புவார்களாம். மோசமான அணியில் நம்பத் தகுந்த ஒரே ஆளாக இருப்பது எவ்வளவு பெரிய சுமை என்பதை அந்தக் குரலே சொல்லிவிடுகிறது.

கிளப்புக்கு அதிக ஆட்டங்கள் என்ற ஸ்பென்ஸின் சாதனையைக் கடந்தவர் பில் ஃபௌல்க்ஸ். செயின்ட் ஹெலன்ஸ் பகுதியின் நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர், 1952 முதல் 1970 வரை தடுப்பாட்டக்காரர். 688 ஆட்டங்களில் வெறும் 9 கோல்கள். அதில் ஒன்று 1968 ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில், ரியால் மாட்ரிட்டின் மைதானத்திலேயே 3-3 என்று சமன் செய்த கோல். அதுதான் அணியை இறுதிப்போட்டிக்குக் கொண்டுபோனது. 1958இல் அணி சென்ற விமானம் மியூனிக்கில் நொறுங்கிய விபத்தில் உயிர் தப்பி, 13 நாள் கழித்து ஷெஃபீல்ட் வெட்னஸ்டே அணிக்கு எதிராகக் கேப்டனாக இறங்கியவரும் இவரே. மைதானத்துக்கு வெளியே மேலாளர்கள் பஸ்பிக்கும், ஃபெர்குசனுக்கும், பஸ்பியின் உதவியாளர் ஜிம்மி மர்ஃபிக்கும், ஆட்டக்காரர்கள் பெஸ்ட்-லா-சார்ல்டன் மூவருக்கும் சிலை இருக்கிறது, ஃபௌல்க்ஸுக்கு இல்லை. இந்த இடத்தின் பெரிய குறை இதுதான்.

எண்களைப் படிக்கும்போது பலரும் தடுமாறுவது மாற்று ஆட்டக்காரர் கணக்கில். இங்கிலாந்து லீக்கில் மாற்று ஆட்டக்காரர் என்பதே 1965-66 சீசனில்தான் வந்தது. தொடக்கத்தில் காயத்துக்கு மட்டும். கிளப்புக்கு அதிக ஆட்டங்கள் ஆடியவர்கள் பட்டியலில் முதலாவதான ரயன் கிக்ஸின் 963இல் 161, பெஞ்சிலிருந்து வந்தவை. பாபி சார்ல்டனின் 758இல் அப்படி வந்தவை இரண்டே. தொடக்க வரிசையில் இறங்கியதை மட்டும் எண்ணினாலும் 802 ஆட்டங்களோடு கிக்ஸ்தான் முதலிடம். மூன்றாம் இடத்தில்தான் மாற்றம் வருகிறது: பால் ஸ்கோல்ஸின் 718இல் 141 பெஞ்சிலிருந்து வந்தவை, மிச்சம் 577. ஃபௌல்க்ஸ் ஆடியவையோ கிட்டத்தட்ட முழுக்கவும் தொடக்க வரிசையில் ஆடியவை. ஆகவே பட்டியலில் நான்காவதாக நிற்கும் அவர் இந்தக் கணக்கில் மூன்றாவது.

போர்க்கால ஆட்டங்கள் அதிகாரபூர்வக் கணக்கில் வராது. 1937இல் அறிமுகமாகி 1953 வரை இருந்த ஜானி கேரியின் எண்ணிக்கை 344இல் நிற்பதற்குக் காரணம் அதுதான். நீண்ட சேவைக்காக ஓர் ஆட்டக்காரரைக் கௌரவித்து நடத்தும் ஆட்டங்களும் சேராது. செல்டிக் அணியோடு 1972இல் சார்ல்டனுக்கும் 2006இல் கிக்ஸுக்கும் நடந்தவை உட்பட.

இன்னொன்றையும் மனதில் வைத்துப் பாருங்கள். ஸ்பென்ஸ் காலத்தில் ஒப்பந்தம் முடிந்த பிறகும் கிளப் விட்டால்தான் ஆட்டக்காரர் வேறு இடம் போக முடியும். அதிகபட்சச் சம்பள வரம்பு 1961இல் நீங்கும்போது அது வாரத்துக்கு 20 பவுண்டு. இப்படிப் பிடித்து வைப்பதை எதிர்த்து ஆட்டக்காரர் ஈஸ்ட்ஹாம் தொடுத்த வழக்கின் தீர்ப்பு 1963இலும், ஒப்பந்தம் முடிந்தவர் கட்டணமின்றி வேறு கிளப்புக்குப் போகலாம் என்ற போஸ்மன் தீர்ப்பு 1995இலும் வந்த பிறகுதான் பிடி தளர்ந்தது. பழையவர்களின் நீண்ட சேவையில் விசுவாசம் எவ்வளவு, கட்டாயம் எவ்வளவு என்று பிரிப்பது கடினம். கிக்ஸ் விஷயம் வேறு: போக வழி இருந்தும் இருந்தார். தொடைத் தசைக்காக யோகா செய்தார், வேகம் குறைந்ததும் ஓரத்திலிருந்து நடுக்களத்துக்கு மாறினார்.

போகிற வழி: மேப்பில் வெறும் ‘ஓல்ட் டிராஃபோர்ட்’ என்று போட்டால் கிரிக்கெட் மைதானத்துக்குக் கூட்டிப் போய்விடலாம். அதே பெயருள்ள டிராம் நிறுத்தத்தில் இறங்கினாலும் பக்கத்தில் இருப்பது கிரிக்கெட் மைதானம். அங்கிருந்து வார்விக் ரோடு வழியே சுமார் பத்து நிமிட நடை. வார்ஃப்சைட் நிறுத்தம் இன்னும் பக்கம். ஆட்ட நாளில் டூர் கிடையாது, ஆகவே டிக்கெட் எடுக்குமுன் ஆட்ட அட்டவணையைப் பாருங்கள். டூர் வழிகாட்டியின் வேகத்தில் நகரும், அருங்காட்சியகம் உங்கள் வேகத்தில். இரண்டாவதற்கு ஒன்றரை மணி நேரமாவது தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போகுமுன் வெளியே ஒரு சுற்று. அதற்குக் காசு இல்லை. கிழக்கு முகப்பில் மூவர் சிலையும் எதிரே பஸ்பி சிலையும், தென்கிழக்கு மூலையில் மியூனிக் கடிகாரம், பிறகு தெற்கு ஸ்டாண்டின் கீழ் மியூனிக் சுரங்கவழி. அந்த ஸ்டாண்டுக்கு 2016இல் சார்ல்டன் பெயர் வைத்தார்கள்.

டூரில் எல்லோரும் டிரெஸ்ஸிங் ரூமில் தொங்கும் இப்போதைய ஆட்டக்காரர்களின் ஜெர்சியோடு படம் எடுப்பதில் நேரத்தைச் செலவிடுகிறார்கள். அதைச் சீக்கிரம் முடித்துவிட்டு, ஆட்டக்காரர்கள் களத்துக்கு வரும் வழியாக இருந்த, தெற்குப் பக்கம் நடுக்கோட்டுக்கு நேரே இருக்கும் பழைய டனல் எது என்று வழிகாட்டியிடம் கேளுங்கள். 1910இல் கட்டிய மைதானத்தில், 1941 குண்டுவீச்சுக்கும் தப்பி இன்றும் மிஞ்சியிருப்பது அது மட்டுமே. ஸ்பென்ஸும் ஃபௌல்க்ஸும் சார்ல்டனும் ஆடப் போனது அந்த வழியாகத்தான். 1991 மார்ச் 2 அன்று எவர்டனுக்கு எதிராக, காயம்பட்ட டெனிஸ் இர்வினுக்குப் பதிலாகக் கிக்ஸ் முதன்முதல் இறங்கியபோதும் அணி அதையே பயன்படுத்தியது. 1993இல் வாசல் தென்மேற்கு மூலைக்கு மாறியது. 2014 மே 6 அன்று ஹல் சிட்டிக்கு எதிரான கடைசி ஆட்டத்துக்கு கிக்ஸ் வந்தது அந்தப் புது வழியில்; அன்றும் பெஞ்சிலிருந்துதான் இறங்கினார்.