பெப்பா, பிரெப்பா? மலையகத்துக்குச் சரிவருவது எது

எச்.ஐ.வி. தொற்றாமல் இருக்கவும் மாத்திரை உண்டு. தெரிந்தவர்களும் பெப், பிரெப் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். ஆபத்தான உறவு நடந்த பிறகு 28 நாளைக்குப் போடுவது பெப். நடப்பதற்கு முன்பிருந்தே போட்டு வருவது பிரெப். பிரெப்பிலும் இரண்டு முறை: தினமும் ஒன்று, அல்லது தேவைப்படும்போது மட்டும் ‘இரண்டு, ஒன்று, ஒன்று’ என்ற கணக்கில். ஆக வழி மூன்று. எதுவும் சிபிலிஸையோ கொனோரியாவையோ கர்ப்பத்தையோ தடுக்காது, அதற்கு ஆணுறைதான்.

என் சாய்வு தினசரி பிரெப் பக்கம். மருந்து அநேகமாக மூன்றிலும் ஒன்றேதான்: டெனோஃபொவிர் 300 மில்லிகிராம், அதோடு எம்ட்ரிசிடபின் 200 அல்லது லமிவுடின் 300. பெப்பில் மூன்றாவதாக டொலுடெக்ராவிர் 50 சேரும். வித்தியாசம் எல்லாம் கடிகாரத்தில் இருக்கிறது.

பெப்பை 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். அதற்குள் எப்போது போட்டாலும் சரி என்று அர்த்தமில்லை, முதல் சில மணித்தியாலத்திலேயே போட்டால்தான் முழுப் பலன். உடலுக்குள் வந்த வைரஸ் நுழைந்த இடத்திலிருந்து நிணநீர்க் கணுக்களுக்குப் போய்ச் சேர இரண்டு மூன்று நாளாகும். அங்கே குடியேறிவிட்டால் அப்புறம் விரட்ட முடியாது. 1998இல் வெளியான குரங்கு ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கி 28 நாள் மருந்து பெற்றவை தப்பின. 48, 72 மணி தாமதித்தவற்றிலும், நாளைக் குறைத்தவற்றிலும் பாதுகாப்பு குறைந்தது.

இந்தக் கணக்கை இலங்கை மலையகத்தின் சாமிமலைக்குக் கொண்டுவந்து பாருங்கள். சனி இரவு பத்து மணிக்கு நடந்தது. ஞாயிறு பாலியல் நோய்க் கிளினிக் இல்லை. திங்கள் போயா விடுமுறை. செவ்வாய் முதல் பஸ்ஸில் மஸ்கெலியா, அங்கிருந்து ஹட்டன், பிறகு தலவாக்கலை வழியாக நுவரெலியா. கிளினிக்கில் உட்காரும்போது ஏறக்குறைய 60 மணித்தியாலம் போயிருக்கும். உள்ளேதான் இருக்கிறது, ஆனால் வால் நுனியில். இதுவே வெள்ளி இரவு நடந்து, சனிக்கிழமையைத் தயக்கத்தில் தொலைத்துவிட்டால், செவ்வாய் காலை 80ஐத் தாண்டிவிடும். மழைக்காலத்தில் பாதையில் மண்சரிவு வந்தால் இந்தக் கணக்கும் கிடையாது. கொழும்பில் இருப்பவருக்கு 72 மணி என்பது தாராளம். பொகவந்தலாவையிலோ டயகமவிலோ இருப்பவருக்கு அது ஒரு நீண்ட வார இறுதி, அவ்வளவுதான்.

கிளினிக் மூடியிருந்தால் பெரிய ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்கே போய்விட வேண்டும். ஊசி குத்துப்பட்ட ஊழியர்களுக்குக் கொடுப்பதும் இதே பெப்தான். சுற்றி வளைக்காமல், “எச்.ஐ.வி.க்கு பெப் வேணும், இத்தனை மணித்தியாலம் ஆச்சு” என்று சொல்லிவிடுவது நல்லது. அத்தனை பேர் நிற்கும் இடத்தில் அதைச் சொல்ல எல்லாருக்கும் வாய் வராது என்பதும் உண்மை.

பெப் தொடங்கிய பிறகு இன்னொரு சிக்கல், டொலுடெக்ராவிர். இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரைகளும் வயிற்றெரிச்சலுக்கு மெல்லும் மாத்திரையும் அதைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், இரத்தத்துக்குப் போக விடாது. கொழுந்து பறிக்கும் பெண்களில் இரத்தச்சோகைக்கு இரும்பு மாத்திரை போடுபவர்கள் ஏராளம், இதை டொக்டரிடம் யாரும் தாமாகச் சொல்வதில்லை. டொலுடெக்ராவிரை முதலில் போட்டு இரண்டு மணி கழித்து இரும்பு. இரும்பை முதலில் போட்டுவிட்டால் ஆறு மணி பொறுக்க வேண்டும். இரும்பும் கல்சியமும் என்றால் வயிறு நிறையச் சாப்பாட்டோடு இரண்டையும் சேர்த்தே போடலாம். வயிற்றெரிச்சல் மாத்திரைக்கு அந்தச் சலுகை கிடையாது.

‘இரண்டு, ஒன்று, ஒன்று’ முறைக்கு வருவோம். உறவுக்கு 2 மணி முதல் 24 மணித்தியாலத்துக்கு முன் இரண்டு மாத்திரை சேர்த்து. அந்த இரண்டைப் போட்ட நேரத்திலிருந்து 24 மணியில் ஒன்று, 48 மணியில் ஒன்று. வெள்ளி இரவு ஏழுக்கு இரண்டு போட்டால், சனி ஏழுக்கு ஒன்று, ஞாயிறு ஏழுக்கு ஒன்று. உறவு தொடர்ந்தால் தினமும் ஒன்று, கடைசி உறவுக்குப் பிறகு இரண்டு நாள் வரை. பிரான்சிலும் கனடாவிலும் ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடையே நடந்து 2015இல் வெளியான இபெர்கே ஆய்வில் தொற்று 86 சதவீதம் குறைந்தது. கொழும்பில் வேலை செய்துகொண்டு, யாரை எப்போது சந்திப்பது என்று ஒரு நாள் முன்பே பேசி வைப்பவருக்கு இது தாராளமாகப் போதும். அப்படிப்பட்டவரைத் தினசரி மாத்திரைக்கு இழுப்பது வீண்.

ஆனால் இது ஆண்களுக்கான முறை. பெண்களுக்கு ஆகாது, யோனித் திசுவில் மருந்து போதிய அளவு சேர நாள் பிடிக்கும். பெண் ஹோர்மோன் எடுக்கும் திருநங்கைகளுக்கும் ஆகாது. ஹெபடைட்டிஸ் பி நாட்பட்டு இருப்பவர்கள் டொக்டரிடம் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது: டெனோஃபொவிர் அந்த வைரஸையும் அடக்குவதால், போட்டுப் போட்டு நிறுத்தினால் ஈரல் அழற்சி கிளம்பக்கூடும். இங்கேயும் கடிகாரம்தான் தொல்லை. திருவிழா இரவில், இன்னும் இரண்டு மணியில் என்ன நடக்கும் என்று யாருக்குத் தெரியும்?

தினசரி பிரெப் இந்த மணிக்கணக்கில் மாட்டுவதில்லை. தொடங்கும் முன் எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, சிபிலிஸ், சிறுநீரகத்துக்குக் கிரியேட்டினின் ஆகிய பரிசோதனைகள். எச்.ஐ.வி. பரிசோதனையைத் தாண்டிக் குதிக்கவே கூடாது: தொற்று ஏற்கெனவே இருக்க, இரண்டு மருந்து மட்டும் போட்டால் வைரஸ் அவற்றுக்கு எதிர்ப்புப் பழகிவிடும், பிறகு சிகிச்சையில் அந்த மருந்துகள் வலுவிழக்கும். கடந்த ஒரு மாதத்தில் காய்ச்சல், தொண்டை நோவு, உடம்பில் தடிப்பு வந்திருந்தால் அதையும் சொல்ல வேண்டும். ஆண்கள் முதல் நாள் இரண்டு மாத்திரையோடு தொடங்கினால் இரண்டு மணியில் பாதுகாப்பு. பெண்களுக்கு 7 நாள். நிறுத்தும்போதும் அப்படியே: கடைசி உறவுக்குப் பிறகு ஆண்கள் 2 நாள், பெண்கள் 7 நாள் போட வேண்டும்.

ஒரு நாள் விட்டுப்போனால் கவிழ்ந்துவிடாது. தினசரி முறையின் பெரிய பலமே அது, பெண்கள் மட்டும் வாரத்தில் ஒன்றுக்கு மேல் விடக் கூடாது. சாப்பாட்டோடும் போடலாம், வெறும் வயிற்றிலும் போடலாம். பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போகுமுன் குடிக்கும் சாயத்தண்ணியோடு பழக்கிக்கொண்டால் மறக்காது. முதல் சில வாரம் சிலருக்குக் குமட்டும், அவர்கள் இராச்சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

செலவு? அரச பாலியல் நோய்க் கிளினிக்கில் காசில்லை, கடிதமும் தேவையில்லை. கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளையில் கிளினிக் உண்டு. போகும் நாளில் பேர் (ஒரு நாள் சம்பளம்) போகும், அதிர்ஷ்டம் இருந்தால் அரைப்பேர். முதல் மாதம் ஒரு தரம், பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு தரம் பரிசோதனை. ஆனால் அந்த நாளை நீங்களே தெரிவு செய்கிறீர்கள். பெப்பில் நாளைத் தெரிவு செய்வது விபத்து.

காம்பராவில் (லயத்து அறையில்) மாத்திரையை ஒளிப்பது தனிப் பாடு. போத்தல் குலுங்கும், லேபிள் பேசும். அதனால் காகிதத்தில் மடித்துத் தகரப்பெட்டிக்குள் வைப்பவர்கள் உண்டு. இந்தப் பனிக்குளிரில் அது தவறு: டெனோஃபொவிருக்கு ஈரம் ஆகாது. போத்தலுக்குள் இருக்கும் சிறு உலர்த்திப் பொட்டலத்தை எறியாமல், மூடியை இறுக்கி, லேபிளை மட்டும் உரித்துவிடுங்கள். சத்தத்துக்கு மேலே கொஞ்சம் பஞ்சு.

துணைவருக்கு எச்.ஐ.வி. இருந்து, சிகிச்சை மாத்திரை ஒழுங்காகப் போட்டு, இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி நிலைத்திருந்தால் அவரிடமிருந்து உறவு மூலம் தொற்றாது. அங்கே மற்றவருக்கு பிரெப் தேவையில்லை. சிகிச்சையின் முதல் ஆறு மாதத்துக்கு மட்டும் போட்டுக்கொள்வது புத்தி.

ஆறு மாதத்துக்கு ஒரு தரம் போடும் லெனகபவிர் ஊசியை உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூலையில் பரிந்துரைத்தது. 2024இல் வெளியான ஆய்வில் அதைப் போட்ட 2134 பெண்களில் ஒருவருக்கும் தொற்றவில்லை. அது நம் கிளினிக்குகளில் கைக்குக் கிடைக்கும் நாளில் இந்த ஒப்பீட்டையே மாற்றி எழுத வேண்டிவரும்.

இப்போதைக்கு, பெப் போட நேர்ந்தவர் அதே ஆபத்து மறுபடி வரும் என்று நினைத்தால், 28ஆம் நாளுக்கு முன்பே கிளினிக்கில் சொல்லிவைக்கலாம். பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தால், 29ஆம் நாளிலிருந்து டொலுடெக்ராவிரை மட்டும் விட்டு, மற்ற இரண்டையும் இடைவெளி இல்லாமல் பிரெப்பாகத் தொடரலாம்.