மீடியம் ஃபார்மட்டில் சாஃப்ட் ஃபோகஸ்: கொழும்பு வெயிலுக்கு எது சரி?

35 மி.மீ. ஃபிலிமைவிடப் பெரிய நெகட்டிவ் தரும் மீடியம் ஃபார்மட் ஃபிலிம் கமரா வைத்திருப்பவர்கள் மென்மையான உருவப்படம் எடுக்கப் பல வழிகள் உண்டு. அதற்கென்றே செய்த லென்ஸ் இருக்கிறது. சாதாரண லென்ஸின் முன்னால் மாட்டும் ஃபில்டர் இருக்கிறது. அப்புறம் வலைத்துணி, வாஸ்லின் மாதிரியான கைவைத்தியங்கள். எல்லாவற்றிலும் மென்மை வரும். ஆனால் அந்த மென்மையைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா, ஷட்டரை அழுத்தும் முன்பே கண்ணால் பார்க்க முடிகிறதா? நான் இந்த இரண்டு கேள்விகளை வைத்துத்தான் தரம் பிரிப்பேன்.

முதலில் லென்ஸ். சாதாரண லென்ஸில் நடுப்பகுதியால் வரும் ஒளியும் ஓரத்தால் வரும் ஒளியும் ஒரே இடத்தில் குவியும்படி கண்ணாடிகளைத் திருத்தியிருப்பார்கள். சாஃப்ட் ஃபோகஸ் லென்ஸில் அந்தத் திருத்தத்தை வேண்டுமென்றே குறைவாக விட்டிருப்பார்கள். நடுவால் வரும் ஒளி கூர்மையான உருவத்தைத் தரும். ஓரத்து ஒளி அதன் மேல் மங்கலான ஒரு ஒளிப்படலத்தைப் பூசும். அபர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, மூட மூட ஓரத்து ஒளி தடைபட்டு அந்தப் படலம் சுருங்கும். எஃப் 8 தாண்டினால் (எண் கூடினால் துளை சிறிது) அது ஏறக்குறையச் சாதாரண லென்ஸ்தான். ஃபோகஸ் தவறிய படம் வேறு, இது வேறு. இங்கே இமை மயிர் தெரியும், அதைச் சுற்றி ஒளி கசிந்திருக்கும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் படப்பிடிப்பாளர் ஜூலியா மார்கரெட் கமரூனின் படங்களைச் சாஃப்ட் ஃபோகஸின் தொடக்கம் என்று பலர் சொல்வார்கள். 1875இல் இலங்கைக்கு வந்து குடியேறி, 1879இல் இங்கேயே இறந்து, பொகவந்தலாவைத் தேவாலய வளவில் அடக்கமானவர் அவர். ஆனால் அவர் திருத்தம் குறைந்த லென்ஸைத் தேடிப் போகவில்லை. ஃபோகஸைத் திருப்பிக்கொண்டே வந்து, தன் கண்ணுக்கு அழகாகப் பட்ட இடத்தில் நிறுத்திவிடுவார். போதாததற்கு எக்ஸ்போஷரும் நிமிடக்கணக்கில் நீளும். அதை இன்றைய கமராவில் செய்தால் வெறும் மங்கல்தான் கிடைக்கும். நம் கையில் இருக்கும் லென்ஸ்கள் வேறு வழியில் வந்தவை.

மாமியா ஆர்பி 67 கமராவுக்கு 150 மி.மீ. எஃப் 4 எஸ்எஃப் (சாஃப்ட் ஃபோகஸ்) என்று ஒரு லென்ஸ் உண்டு. அதோடு துளையிட்ட மூன்று தட்டுகள் வரும்: நடுவில் ஒரு பெரிய துளை, சுற்றிலும் சின்னத் துளைகள். ரோடன்ஸ்டொக் இமாகொன் லென்ஸ் முன்பே பழக்கப்படுத்திய யோசனை இது. நடுத்துளை கூர்மையைத் தரும், சுற்றுத் துளைகள் கசிவைத் தரும். தட்டை மாற்றினால் இரண்டின் விகிதமும் மாறும். ஒரு சிக்கல் உண்டு. பின்னணியில் குத்துவிளக்கோ மின்குமிழ் சரமோ இருந்தால், ஃபோகஸுக்கு வெளியே உள்ள ஒவ்வொரு சுடரும் அந்தத் துளைகளின் வடிவத்திலேயே விழும். மணவறைப் பின்னணியில் அது கண்ணை உறுத்தும். ஆகவே நம் கல்யாணங்களுக்குத் தட்டைப் பெட்டியிலேயே வைத்துவிட்டு, அபர்ச்சரை மட்டும் நம்புங்கள் என்பேன். அதுவே போதும்.

பென்டக்ஸ் 67க்கு 120 மி.மீ. எஃப் 3.5 சாஃப்ட். தட்டு எதுவும் இல்லை, முழுவதும் அபர்ச்சர் வேலை. 6க்கு 7 செ.மீ. ஃபிரேமில் 120 மி.மீ. என்பது 35 மி.மீ. கமராவில் ஏறத்தாழ 60 மி.மீ. பார்வை. இடுப்பளவுப் படத்துக்கு அருமை. முகத்தை மட்டும் நிரப்ப வேண்டுமென்றால் மிகவும் கிட்டப் போக வேண்டியிருக்கும், மூக்கு கொஞ்சம் பெருக்கும். மாமியாவின் 150 இந்த விஷயத்தில் சௌகரியம். 6க்கு 4.5 செ.மீ. ஃபிரேம் உள்ள மாமியா 645 வைத்திருப்பவர்களுக்கு 145 மி.மீ. எஃப் 4 எஸ்எஃப் இருக்கிறது. முகப்படத்துக்கு மூன்றிலும் நல்ல தூரம் அதில்தான். ஒரே குறை, அந்தச் சிறிய நெகட்டிவைப் பெரிதாக்கும்போது படலமும் சேர்ந்து பெருக்கும். ஆகவே அதில் அரை ஸ்டொப் (ஒரு ஸ்டொப் மூடினால் ஒளி பாதியாகும்) கூடுதலாக மூடியே எடுக்க வேண்டும்.

இனிமேல்தான் கொழும்பு வெயிலின் கணக்கு. நடுப்பகல் காலிமுகத்திடலில், ஐ.எஸ்.ஓ. 100 ஃபிலிமில் (எண் கூடினால் ஃபிலிமுக்கு ஒளி குறைவாகப் போதும்), எஃப் 16க்கு 1/125 வினாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதையே எஃப் 4க்குக் கொண்டுவந்தால் 1/2000 வேண்டும். பென்டக்ஸ் 67 போவது 1/1000 வரைதான். ஆர்பி லென்ஸில் உள்ள ஷட்டர் 1/400ஓடு நின்றுவிடும். அதாவது லென்ஸ் முழு மென்மையாக இருக்கும் அபர்ச்சரை இங்கே வெயிலில் தொடவே முடியாது. ஐ.எஸ்.ஓ. 400 போட்டால் கதை இன்னும் மோசம். நிழலுக்குப் போனால் மூன்று ஸ்டொப் குறையும்; எஃப் 4க்கு 1/250 போதும், எல்லாக் கமராவும் சமாளிக்கும். வெயிலில்தான் எடுக்க வேண்டும் என்றால் மூன்று ஸ்டொப் ஒளியை வெட்டும் சாம்பல் நிற என்டி 8 ஃபில்டரை மாட்டுங்கள். முதலில் ஃபோகஸ், பிறகு ஃபில்டர். இல்லாவிட்டால் வியூஃபைண்டரில் இருட்டைத்தான் பார்ப்பீர்கள்.

ஃபோகஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்த லென்ஸ்களில் அபர்ச்சரை மாற்றினால் ஃபோகஸ் விழும் இடமும் நகரும். முழுதாகத் திறந்து ஃபோகஸ் செய்துவிட்டு எஃப் 5.6க்கு மூடினால் கண் கூர்மை இழந்து காது கூர்மையாகிவிடலாம். எடுக்கப்போகும் அபர்ச்சருக்கு மூடி, கண்ணில் தெரியும் ஒளிப்புள்ளியைப் பார்த்து ஃபோகஸ் செய்ய வேண்டும்.

சரி, ஃபில்டர். ஹாசல்பிளாட் கமராக்காரர்களுக்குப் பழக்கமானது ஸைஸ் சாஃப்டார். தெளிவான தட்டின் மேல் சின்னச் சின்ன மேடுகள், ஒவ்வொன்றும் ஒரு குட்டி லென்ஸ். 1, 2, 3 என்று மூன்று தரம். அபர்ச்சரை மூடினாலும் இதன் மென்மை பெரிதாகக் குறையாது. எஃப் 11இல் வெயிலில் நின்று எடுக்கலாம், எக்ஸ்போஷரைத் திருத்தவும் வேண்டாம். கொழும்பில் இது சின்ன அனுகூலம் இல்லை. ஆனால் அளவை மாற்ற ஃபில்டரையே மாற்ற வேண்டும். கூறைச்சேலையின் சரிகையும் நெற்றிச்சுட்டியின் கல்லும் மினுங்கும் இடங்களிலெல்லாம் ஒரே அளவில் ஒளி பரவும், நெசவு மறைந்துபோகும். வெள்ளை வேட்டி வெயிலில் இருந்தால் அதன் வெளிச்சம் பக்கத்திலுள்ள கையின் மேல் வழிந்து, தோலின் ஆழமான நிறத்தைச் சாம்பலாக்கிவிடும். நம்முடைய தோலில் நெற்றியிலும் கன்னத்திலும் விழும் பளபளப்புத்தான் அழகு. அதை மட்டும் மெல்ல ஒளிரவிட்டு மற்றதைக் கறுப்பாகவே வைத்திருக்க லென்ஸில் எஃப் 5.6 பக்கம் முடிகிறது. சாஃப்டாரில் 1க்கு மேல் போனால் முடிவதில்லை. எதில் எடுத்தாலும் எக்ஸ்போஷரைத் தாராளமாகக் கொடுக்காதீர்கள். கூடக் கூடப் படலம் ஊதும்.

யஷிகா மாட் 124ஜி, ரோலைஃபிளெக்ஸ் போன்ற இரட்டை லென்ஸ் கமராக்களுக்கு ரோலைசாஃப்ட், டியூட்டோ வகை ஃபில்டர்கள் உண்டு. நடுவில் தெளிவு, சுற்றிலும் வட்ட வட்டமான கோடுகள். ஆகவே இதுவும் அபர்ச்சரை மூடினால் குறையும். நல்ல குணம்தான். ஆனால் நாம் பார்ப்பது மேல் லென்ஸால், படம் விழுவது கீழ் லென்ஸால். ஃபில்டரை மேலே மாட்டிப் பார்த்தாலும் அங்கே மூட அபர்ச்சர் இல்லை. எடுத்துக் கழுவிப் பார்த்துத்தான் தெரியும். 12 படம் மட்டுமே உள்ள ரோலில் அது கனமான செலவு.

கறுப்பு வலைத்துணி மலிவு, மோசமும் இல்லை. வெள்ளையைத் தவிர்க்கலாம், படம் வெளிறும். வாஸ்லினைப் பழைய யூவி ஃபில்டரில் தவிர வேறெதிலும் தடவ வேண்டாம். இருட்டறையில் நெகட்டிவைப் பெரிதாக்கித் தாளில் பதிக்கும் என்லார்ஜருக்குக் கீழே மென்மையாக்கலாம் என்பார்கள். அது வேறு விளைவு: கமராவில் வெளிச்சம் நிழலுக்குள் கசியும், என்லார்ஜரில் நிழல் வெளிச்சத்துக்குள் கசியும். முகம் ஒளிராது, அழுக்கேறும்.

என் தேர்வு ஆர்பி 67, 150 எஸ்எஃப், என்டி 8. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி மண்டபங்களில் ஃபிளாஷ் இல்லாமல் சரிவராது. ஆர்பி எந்த வேகத்திலும் ஃபிளாஷோடு ஒத்துப்போகும். பென்டக்ஸ் 67இல் 1/30தான். கமராவின் பாரத்துக்கு முக்காலி வேண்டும், அது உண்மை. ஆனால் இந்த வகை லென்ஸை நிதானமாக ஃபோகஸ் செய்ய முக்காலி எப்படியும் வேண்டும். கையில் தூக்கிக்கொண்டு வீதியில் எடுப்பவராக இருந்தால் மட்டும் பென்டக்ஸை எடுங்கள்.

வாங்கும்போது டோர்ச் அடித்து உள்ளே பாருங்கள். சாஃப்ட் லென்ஸ்களை யாரும் தினமும் பாவிப்பதில்லை. கடற்காற்று ஈரத்தில் அலுமாரியில் கிடந்து பூஞ்சணம் பிடித்தவை நிறைய. "சாஃப்ட் லென்ஸ் அப்படித்தான் இருக்கும்" என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம். பூஞ்சணம் தருவது கறுப்பெல்லாம் வெளிறிய படம், எஃப் 11க்கு மூடினாலும் போகாது. எவ்வளவு குறைத்துக் கேட்டாலும் அதை விட்டுவிட்டு, அந்தக் காசுக்கு ஒரு சாஃப்டார் 1 வாங்குங்கள்.