ரெக்கார்டிங் சென்டர் கேசட்டுகளும் ஒரு பழைய டெக்கும்: நீண்ட காலப் பயன்பாட்டில் தெரிந்தவை

கம்பெனி வெளியிட்ட சினிமாப் பாட்டுக் கேசட்டைக் கணினியில் ஏற்றுவது பெரும்பாலும் வீண் வேலை. அதே பாட்டு இணையத்தில் இதைவிடத் தெளிவாகக் கிடைக்கும். ஏற்ற வேண்டியவை வேறு. துண்டுச்சீட்டில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்து ரெக்கார்டிங் சென்டரில் பதிந்து வாங்கியவை, அறிவிப்பாளர் குரலோடு வானொலியில் பிடித்தவை. இவற்றுக்கு இன்னொரு பிரதி கிடையாது.

யுஎஸ்பி ஒயரோடு வரும் மலிவு பிளேயர் இதற்கு உதவாது. வேகம் ஆடும், நீண்டு ஒலிக்கும் வீணை, புல்லாங்குழலில் அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். பெல்ட் மாற்றிய பழைய கேசட் டெக்கே (ஸ்டீரியோ செட்டோடு இணைக்கும் பிளேயர்) மேல். பல வருடம் ஓடாமல் கிடந்த டெக்கில் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டியிருக்கும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கப்பிகளை முழுதாகத் துடைத்த பிறகே புது பெல்ட் போட வேண்டும். டேப்பைப் படிக்கும் ஹெட், டேப்பை இழுக்கும் கேப்ஸ்டன் தண்டு, அதோடு அழுத்தும் ரப்பர் உருளையான பின்ச் ரோலர் மூன்றையும் நாலைந்து கேசட்டுக்கு ஒருமுறை துடைத்தால் போதும்.

ஓட்டுவதற்கு முன் கேசட்டின் ஜன்னல் வழியாக டேப் சுருளைப் பாருங்கள். வெள்ளையாகப் பூத்திருந்தால் அது பூஞ்சை. நம் ஊர் ஈரத்துக்கு இது சகஜம். அப்படியே போட்டால் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும். நடுவில் டேப்பை அழுத்தும் பஞ்சுத் துண்டு விழுந்திருந்தால் ஒலி ஏறி இறங்கும், ஜால்ரா சத்தமே கேட்காது. செத்த கேசட்டிலிருந்து பஞ்சை, அது ஒட்டியிருக்கும் தகட்டோடு எடுத்து மாற்றலாம். கூடு ஒட்டப்பட்டதாக இருந்தால் விளிம்பில் பிளந்து, ஐந்து ஸ்க்ரூ உள்ள வேறு கூட்டுக்குள் டேப்பை மாற்றிவிடுவது நல்லது. நடராஜ் பென்சிலால் தொய்வை இழுத்துவிட்டு, கடைசி வரை ஒருமுறை ஓட்டித் திருப்பிச் சுற்றிய பிறகே பதிவு.

பலர் கோட்டைவிடுவது அசிமத்தில், அதாவது டேப்பின் மேல் ஹெட் நிற்கும் சாய்வில். பதிந்த மெஷினின் ஹெட் சாய்வும் உங்கள் டெக்கின் சாய்வும் ஒத்துப்போகாவிட்டால் மேல்ஸ்தாயி மங்கிவிடும். டேப் தேய்ந்துவிட்டது என்று தூக்கிப் போட்ட கேசட்டுகளில் பலவற்றுக்கு இதுதான் கோளாறு. இந்தச் சாய்வை மாற்றுவது ஹெட்டின் ஒரு பக்கம் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்திருக்கும் ஸ்க்ரூதான். ஒலியை மோனோவாக்கி ஹெட்போனில் கேட்டபடி, மிக மெல்லத் திருப்ப வேண்டும், கால் சுற்றுக்கு மேல் போகவே கூடாது. ‘ச’, ‘ஸ’ ஒலிகள் கூர்மையாக வரும் இடத்தில் நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும், சில சமயம் ஒவ்வொரு பக்கத்துக்கும் இதைத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும். சலிப்பான வேலைதான், ஆனால் இதில் கிடைக்கும் தெளிவு வேறெந்த மென்பொருளிலும் கிடைக்காது. டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பட்டனை அணைத்தே வையுங்கள். டால்பி இல்லாமல் பதிந்ததை டால்பியில் ஓட்டினால் பாட்டு போர்வைக்குள்ளிருந்து கேட்கும்.

அடுத்தது வேகம். கேசட்டின் வேகம் வினாடிக்கு 4.76 செ.மீ. இருக்க வேண்டும். கடை மெஷின்கள் அதில் நின்றதில்லை. அசலில் 4 நிமிடம் 30 வினாடி உள்ள பாட்டு 4:25-இல் முடிந்தால் வேகம் சுமார் 1.9 சதவீதம் கூடுதல். ஒரே பாட்டை நம்பாமல் இரண்டு மூன்றை ஒப்பிடுங்கள். ஒலியைத் திருத்தும் மென்பொருளான ஆடாசிட்டியில் ‘சேஞ்ச் ஸ்பீட் அண்ட் பிட்ச்’ (பழைய பதிப்புகளில் ‘சேஞ்ச் ஸ்பீட்’) பயன்படுத்த வேண்டும், ‘சேஞ்ச் டெம்போ’ அல்ல. பின்னது சுருதியைத் திருத்தாது. வானொலிப் பதிவில் உள்ள 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை வைத்து வேகம் பார்க்கலாம் என்பார்கள். அந்தக் காலத்தில் நம் ஊர் மின்சாரமே 50-இல் நின்றதில்லை என்பது வேறு விஷயம்.

பதிவை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில், உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் எடுங்கள். மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி வரும், தரம் குறையாமல் சுருக்கும் ஃப்ளாக் வடிவில் சேமித்தால் குறையும். இரைச்சல் நீக்கியை மூலக் கோப்பில் தொடவே வேண்டாம், டேப் இரைச்சலோடு ஷெனாயின் மூச்சையும் சேர்த்துத் தின்றுவிடும்.

பாட்டு பாட்டாக வெட்டுவது பிறகு. முதலில் ஒரு பக்கம் முழுவதும் ஒரே கோப்பு. அறிவிப்பாளர் பேச்சு, இடையில் விழுந்த இருமல் எல்லாம் அதில் இருக்கட்டும். பி பக்கக் கடைசியில் பல்லவியோடு அறுந்து நிற்கும் பாட்டையும் நீக்காதீர்கள். மிச்சமிருந்த டேப்பை நிரப்பக் கடைக்காரர் தன் விருப்பத்துக்குப் போட்டது அது.