வெளிநாட்டு வாடிக்கையாளரைப் பிடிக்க: வலைப்பதிவா, லிங்க்ட்இன்னா, யூடியூபா?

எதில் பின்தொடர்பவர்கள் அதிகம் கிடைப்பார்கள் என்றுதான் பலரும் முதலில் பார்க்கிறார்கள். வெளிநாட்டு வியாபாரத்துக்கு அந்தக் கணக்கு உதவாது. வாங்க நினைப்பவர் எந்த நேரத்தில், எதைத் தேடி வருகிறார் என்பதுதான் கேள்வி.

சொந்த டொமைனில், அதாவது உங்கள் பெயரிலேயே வாங்கிய இணைய முகவரியில், எழுதும் வலைப்பதிவுக்கே என் முதல் ஓட்டு. கொள்முதல் செய்பவருக்கு உங்கள் பெயர் தெரியாது. தன் சிக்கல் தெரியும். குறைந்தபட்ச ஆர்டர் எவ்வளவு, மாதிரிக்கு யார் பணம் கட்டுவது, சரக்கு உடைந்து போனால் யார் பொறுப்பு என்று தேடுவார். இதற்கெல்லாம் மழுப்பாமல் பதில் எழுதி வைத்தால், இங்கே நீங்கள் தூங்கும்போது அங்கே அவர் படித்துக்கொண்டிருப்பார். 37சிக்னல்ஸ் நிறுவனம் வடிவமைப்பைப் பற்றித் தன் வலைப்பதிவில் எழுதியே வாசகர்களைச் சேர்த்து வைத்திருந்தது. 2004இல் பேஸ்கேம்ப் மென்பொருளைக் கொண்டுவந்தபோது, அதைக் கேட்க ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள்.

குறை என்ன? பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். பல மொழிகளில் எழுதினால் எந்தப் பக்கம் எந்த மொழிக்கானது என்று கூகுளுக்கு, பக்கத்தின் நிரலில் சேர்க்கும் எச்ரெஃப்லாங் (hreflang) குறியால் சொல்ல வேண்டும். இயந்திர மொழிபெயர்ப்பை யாரும் சரிபார்க்காமல் அப்படியே ஏற்றுவதைவிட, ஆங்கிலத்தோடு நிறுத்திக்கொள்வது மேல்.

லிங்க்ட்இன் வேகமானது. யார் எந்தப் பதவியில் இருக்கிறார் என்பது தெரிவதால், ஆலோசனை, மென்பொருள் போன்ற சேவைகளை விற்பவர்களுக்கு நன்றாகவே கைகொடுக்கும். ஆனால் பதிவின் ஆயுள் சில நாள்தான். விதிகளும் நம் கையில் இல்லை. மற்ற தளங்களில் நடந்ததைப் பாருங்கள். 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கே முன்னுரிமை என்று ஃபேஸ்புக் அறிவித்தது. நிறுவனப் பக்கங்கள் பின்னுக்குப் போயின. தன் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ்ஸை 2019இல் கூகுள் மூடியே விட்டது. அதற்காக லிங்க்ட்இன்னை ஒதுக்கவும் முடியாது. வலைப்பதிவைப் படித்தவர் அடுத்து, இவர் நிஜ ஆள்தானா என்று அங்கேதான் போய்ப் பார்ப்பார்.

யூடியூப், ஓடிக் காட்ட வேண்டிய பொருளுக்கு. இயந்திரம் வேலை செய்வதைப் பார்க்க மொழி பெரிதாக வேண்டாம். வசன வரிகளைப் பல மொழிகளில் சேர்க்கலாம். கணக்கு, சட்டம் போன்ற சேவைகளுக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியதில்லை.

மின்னஞ்சல் மடலை இவற்றுக்குப் போட்டியாகப் பார்க்காதீர்கள். வலைப்பதிவுக்கு வந்தவரைத் தக்கவைக்கத்தான் அது. முகவரிப் பட்டியலை விலைக்கு வாங்கி அனுப்புகிறார்களே, அந்த வேலை மட்டும் வேண்டாம். அமெரிக்கச் சட்டப்படி விளம்பர மடலில் அஞ்சல் முகவரியும் விலகும் வழியும் இருக்க வேண்டும். கனடாவில் பொதுவாக முன்கூட்டியே சம்மதம் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்திலோ 2018 மே முதல் ஜிடிபிஆர் என்ற தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

சரி, நேரத்தை எப்படிப் பிரிப்பது? இருப்பதில் பாதிக்கு மேல் வலைப்பதிவுக்குக் கொடுங்கள். அங்கே எழுதியதையே சுருக்கி லிங்க்ட்இன்னில் போட்டால் போதும். இயந்திரம் விற்பவர் மட்டும் வீடியோவில் தொடங்கலாம்.

இந்தக் கணக்கெல்லாம் சீனாவுக்குப் பொருந்தாது. அங்கே கூகுள், யூடியூப், ஃபேஸ்புக் எல்லாமே முடக்கம். வீசாட் என்ற செய்திச் செயலி இல்லாமல் பேச்சைத் தொடங்குவதே கஷ்டம். தென்கொரியா என்றால் அந்நாட்டுத் தேடுபொறியான நேவரையும் பார்க்க வேண்டும்.