ஏற்றத்தில் திக்கிய பிக்கப்: குன்னூர் டீசல் பட்டறை அனுபவம்

கேத்தி கேரட்டை மேட்டுப்பாளையம் மண்டியில் இறக்கிவிட்டு உர மூட்டையோடு திரும்பும்போது, பர்லியாறு தாண்டியதும் எங்கள் பழைய டீசல் பிக்கப் திக்கும். ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி செத்து, அப்புறம்தான் இழுக்கும். சமவெளியில் ஒரு பட்டறையில் டீசல் பம்ப்பையே கழற்றணும் என்றார்கள். மனசு ஒப்பவில்லை.

குன்னூர் மெக்கானிக் அண்ணன் ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் கேட்டது: "திக்கும்போது கரும்புகை வருதா?" வரவில்லை. கரும்புகை தள்ளினால் காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ் பார்க்கணும். புகையில்லாமல் இழுவை விட்டால் டீசல் போதவில்லை என்றார்.

டீசல் ஃபில்டரில் தண்ணீர் இல்லை. பம்ப்புக்குப் போகும் லைனில் உள்ளே தெரிகிற டியூபை மாட்டி ரேஸ் செய்தார். சரம் சரமாகக் குமிழி! டேங்க் லைனைக் கழற்றிவிட்டு கேனிலிருந்து நேராக டீசல் கொடுத்ததும் குமிழி நின்றது. சேஸிஸில் உரசி உரசி வெடித்திருந்த ரப்பர் ஹோஸ்தான் காரணம். அது உறிஞ்சும் பக்கம் என்பதால் டீசல் வெளியே ஒழுகாமல் காற்று உள்ளே போயிருக்கிறது. கீழே ஈரமே இல்லாததால் யார் கண்ணிலும் படவில்லை.

ஹோஸ், கிளிப், கூலி மட்டும்தான் வாங்கினார். லோடு இறக்காமலே ஏற்றத்தில் ஓட்டிக் காட்டினார். அந்த நேர்மைக்காகவே நான் எல்லோருக்கும் சொல்கிறேன். இடம் மட்டும் ரொம்பக் குறுகல், சீசனில் வண்டி நிறுத்தவே முடியாது. காலையிலேயே போய்விடுங்கள்.