எஸ்எஸ்டி-40 எதிர் நிச்சியா 519ஏ: ஒரே டார்ச், இரண்டு வெளிச்சம்

கான்வாய் எஸ்2+ டார்ச் வாங்கப் போகிறவர்கள் கடைசியில் வந்து நிற்கும் கேள்வி, எந்த எல்இடி என்பதுதான். லூமினஸின் எஸ்எஸ்டி-40 (SST-40, 6500 கெல்வின்) போட்டது ஒன்று, ஜப்பானின் நிச்சியா 519ஏ (4500 கெல்வின்) போட்டது இன்னொன்று. கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் எண்: கூடினால் நீலம் கலக்கும், குறைந்தால் மஞ்சள். உடலும் 18650 பேட்டரியும் ஒன்றே. டிரைவரும் (எல்இடிக்கு மின்னோட்டம் தரும் சர்க்யூட்) ஒரே வகையாகப் பார்த்து வாங்கிவிட்டால் எல்இடியை மட்டும் ஒப்பிட வசதியான ஜோடி இது.

ஒப்பிடப் படம் எடுக்கும்போதுதான் சிக்கல். மொபைலை ஆட்டோவில் வைத்து இரண்டையும் தனித்தனியாக எடுத்தால், வெளிச்சம் கூடும்போது கேமரா எக்ஸ்போஷரைக் குறைத்துவிடும். நிறம் மாறினால் ஒயிட் பேலன்ஸைத் திருத்திவிடும். நாம் பார்க்க நினைத்த இரண்டு வித்தியாசமும் காணாமல் போகும். அதனால் புரோ மோடில் ஐஎஸ்ஓ, ஷட்டர், ஒயிட் பேலன்ஸ் மூன்றையும் பூட்டிவிட்டு (நான் 5000 கெல்வினில் வைப்பேன்), இரண்டு பீமையும் ஒரே வெள்ளைச் சுவரில் பக்கத்தில் பக்கத்தில் அடித்து, ஒரே படத்தில் எடுக்க வேண்டும். நம் கண்ணும் கேமரா மாதிரிதான்: தனியாகப் பார்த்தால் எந்த டார்ச்சும் சிறிது நேரத்தில் வெள்ளையாகவே தெரியத் தொடங்கிவிடும். பேட்டரி முழு சார்ஜில் இருக்கட்டும். டார்ச் போட்டு 30 விநாடி கழித்து எடுப்பது நல்லது. டார்ச்சுகளுக்கான எஃப்எல்1 தரமுறையிலும் லுமென் (டார்ச் தரும் மொத்த வெளிச்சம்) அளவு 30 விநாடியிலிருந்து 2 நிமிடத்துக்குள்தான் எடுக்கப்படுகிறது.

முதலில் வெளிச்சம். ஒரே மின்னோட்டத்தில் எஸ்எஸ்டி-40 தான் அதிக லுமென் தருகிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் லுமென் 40 சதவீதம் கூடினாலும் கேமரா கணக்கில் அது அரை ஸ்டாப்தான் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு). விளம்பரத்தில் பெரிதாகத் தெரியும் அந்த வித்தியாசத்தைப் படத்தில் தேடித்தான் பார்க்க வேண்டும். தூரத்தைத் தீர்மானிப்பது கேண்டெலா, அதாவது ஒரு திசையில் வெளிச்சம் எவ்வளவு குவிகிறது என்ற அளவு. 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். 400 மீட்டர் வேண்டுமென்றால் அது 40,000 ஆக வேண்டும். தூரம் இரட்டிப்பாக வெளிச்சம் நான்கு மடங்கு வேண்டும் என்பதால், இந்த இரண்டுக்கும் நடுவில் தூரத்தை வைத்துச் சண்டை போடுவதில் பெரிய பொருளில்லை.

சாயலில்தான் படம் பேசுகிறது. சுவரில் எஸ்எஸ்டி-40இன் நடுவட்டம் நீலம் கலந்த வெள்ளை, அதைச் சுற்றி மஞ்சளும் பச்சையும் கலந்த ஒரு வளையம். லோ மோடில் அந்தப் பச்சை இன்னும் நன்றாகத் தெரியும். 519ஏ நடுவிலிருந்து ஓரம் வரை ஏறக்குறைய ஒரே நிறம், கொஞ்சம் இதமான வெள்ளை. நடுவட்டம் வெளுத்துப்போனால் எந்தச் சாயலும் தெரியாது; அதனால் குறைந்த எக்ஸ்போஷரில் நடுவுக்கு ஒரு படம், கூடுதலில் ஓரத்துக்கு ஒரு படம் எடுங்கள்.

அப்புறம் சுவரை விட்டுவிட்டு ஒரு செங்கல், கொஞ்சம் பச்சை இலை, நம் உள்ளங்கை. எஸ்எஸ்டி-40இல் செங்கல் மங்கிய பழுப்பு, கை நோயாளியின் கை. 519ஏ-யின் சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதற்கு 100க்கு மார்க்) 90க்கு மேல். சிவப்பு சிவப்பாகவே வருகிறது. ரெசிஸ்டரின் பழுப்பு, சிவப்பு, ஆரஞ்சு வளையங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டியவர்களுக்கு இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை. 519ஏ-யில் லுமென் குறைவதற்கும் இதுவே காரணம்: சிவப்புக்காகச் செலவாகும் ஆற்றலுக்கு நம் கண் அவ்வளவாக மதிப்புக் கொடுப்பதில்லை, பகல் பார்வையில் அதன் உச்சம் 555 நானோமீட்டர் பச்சையில்.

மூடுபனியில் மஞ்சள் வெளிச்சம் ஊடுருவும் என்று 519ஏ-க்கு ஒரு கூடுதல் மார்க் போடுபவர்கள் உண்டு. பனித்துளிகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகப் பெரியவை, எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் சிதறடிக்கும். அந்த மார்க் வேண்டாம்.

என் தேர்வு 519ஏ. வீடு, மின்தடை, ரிப்பேர் வேலை, இரவு நடை எல்லாவற்றுக்கும் போதும். திறந்த வெளியில் ஒட்டுமொத்த வெளிச்சம் மட்டும்தான் முக்கியம் என்றால் எஸ்எஸ்டி-40 சரி, ஆனால் 5000 கெல்வின் வகையைக் கேட்டு வாங்குங்கள். பச்சை முழுவதும் போகாது, நீலமாவது குறையும்.