சதுரகிரிக்குக் கூட்டம் அழைத்துப் போகிறவர்களுக்கு எந்த முதலுதவிப் பயிற்சி?

மதுரையில் முதலுதவி வகுப்பு என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது ஹாலில் நடக்கும் அரைநாள் வகுப்பு. சிபிஆர் (இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்துவது), ரோலர் பேண்டேஜ், கடைசியில் சான்றிதழ். 108 வந்து சேரும்வரை சமாளிக்க அது போதும். சதுரகிரி மலையிலிருந்து அடிபட்டவரை அடிவாரமான தாணிப்பாறைக்கு இறக்கவே பல மணி நேரம் ஆகும். அங்கே அது போதாது. இரண்டு நாள், 16 மணி நேரத்துக்குக் குறைந்த எதற்கும் பணம் கட்ட வேண்டாம்.

பணம் கட்டும் முன் பாம்புக்கடியைப் பற்றிக் கேளுங்கள், வகுப்பின் தரம் தெரிந்துவிடும். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அநேகமாக இருக்காது. சில மணி நேரம் கழித்து இமை தொங்கும், மூச்சு முட்டும். இதைச் சொல்லாத வெளிநாட்டுப் பாடம் நமக்கு ஆகாது. கீறவோ உறிஞ்சவோ கூடாது. மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசையாமல் சிம்பு (தாங்கு குச்சி) வைத்துக் கட்டி, நடக்க விடாமல் தூக்கி வர வேண்டும்.

டூர்னிக்கெட்டில்தான், அதாவது ரத்தத்தை நிறுத்தத் தடியால் திருகி இறுக்கும் பட்டையில்தான், பெரிய குழப்பம். கை காலில் பீறிடும் ரத்தத்துக்கு அது உயிர் காக்கும். பாம்புக்கடிக்குக் கட்டினால் கால் அழுகலாம், அவிழ்க்கும்போது தேங்கிய விஷம் மொத்தமாக ஏறும். இரண்டையும் பக்கத்தில் வைத்து விளக்காவிட்டால் பதற்றத்தில் கை தப்பானதைச் செய்யும். ரத்தம் பீறிடும் காயத்துக்கு மேலே 5 முதல் 7 செ.மீ. தள்ளி, மூட்டைத் தவிர்த்து, பட்டையை முதலில் நன்றாக இழுத்துவிட வேண்டும். விரல் நுழையும் தளர்வு இருந்தால் தடியை எத்தனை சுற்று திருகினாலும் ரத்தம் நிற்காது. நின்றதும் நேரத்தை எழுத வேண்டும். மலிவுப் போலிகளில் பிளாஸ்டிக் தடி திருகும்போதே வளைந்து உடையும். ஆளுக்கொன்று கொடுத்து, இருட்டிலும் பத்து முறையாவது கட்ட வைக்கிறார்களா? மேசைமேல் ஒன்றைக் காட்டிவிட்டுப் போனால் அது பயிற்சியே இல்லை.

வேட்டியும் இரண்டு மூங்கிலும் வைத்து ஒருவரைத் தூக்கிச் சரிவில் நூறு மீட்டராவது நடக்க வைக்க வேண்டும். எத்தனை பேர் மாற்றுக்கு வேண்டும் என்பதைத் தோளே சொல்லிவிடும்.

2018 மார்ச்சில் மலையேறப் போனவர்கள் சிக்கிய குரங்கணிக் காட்டுத்தீயைக் கண்ட பிறகும் தீக்காயத்தை இரண்டு நிமிடத்தில் முடிக்கும் வகுப்பை ஏற்கவே முடியாது. 20 நிமிடம் தண்ணீர் ஊற்றுவது, ஐஸ் வைக்காதது, சுத்தத் துணியால் தளர்வாக மூடுவது, மலையில் அவ்வளவு தண்ணீர் இல்லாதபோது என்ன செய்வது, எல்லாம் வேண்டும்.

சான்றிதழ் பொதுவாக இரண்டு மூன்று ஆண்டுக்குத்தான். மறுபயிற்சி உண்டா என்று சேரும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.